கண்ணுக்குத் தெரியாத கைரேகை... காட்டிக்கொடுக்கும் வெளிச்சம்!

'வீட்டின் பூட்டை உடைத்து நகை, பணம் கொள்ளை. மோப்ப நாய் வரவழைக்கப்பட்டது. அது சிறிது தூரம் ஓடிச் சென்று நின்றுவிட்டது. கைரேகை நிபுணர்கள் தடயங்களைச் சேகரித்தனர். போலீஸார் வழக்கு பதிவு செய்து விசாரித்து வருகின்றனர்.'

எந்த ஊர்த் திருட்டுச் செய்தியை எடுத்தாலும் கடைசிப் பத்தி இப்படித்தான் இருக்கும். நாய் எதுவரை ஓடியது என்றுகூட எழுதிவிடுவார்கள். கைரேகை நிபுணர் எதைத் தேடினார், எப்படி எடுத்தார், ரேகை கிடைத்ததா இல்லையா என்பது மட்டும் செய்தியில் வராது. வழக்கே அந்த ஒரு வரியில்தான் நிற்கிறது என்றாலும்கூட!

ஒரு சின்ன பரிசோதனை செய்து பார்க்கலாம். இதைப் படித்து முடித்ததும் உங்கள் போனின் ஸ்க்ரீனை அணைத்துவிட்டு, டியூப் லைட்டுக்குக் கீழே கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள். நேராகப் பார்க்கும்போது சுத்தமாகத் தெரிந்த கண்ணாடியில், விரல் தடங்கள் வரிசையாகத் தெரியும். ஸ்வைப் செய்த கோடு, டைப் செய்த இடம், குழந்தை வீடியோ பார்த்தபோது அழுத்திய பிசுபிசுப்பு எல்லாமே அங்கே இருக்கும்.

ரேகை முன்பும் அங்கேதான் இருந்தது. வெளிச்சம் விழும் கோணம் மாறியதும் கண்ணில் பட்டுவிட்டது. கைரேகை நிபுணரின் வேலையும் இதுதான். ஏற்கெனவே இருக்கும் ரேகையைக் கண்ணுக்குத் தெரியவைக்க வேண்டும். ஆனால், அவருக்குக் கிடைப்பதெல்லாம் வழவழப்பான கண்ணாடி கிடையாது. துருப்பிடித்த கம்பி, பூப்போட்ட பிளாஸ்டிக் டப்பா, பல வண்ணங்களில் அச்சடித்த பிஸ்கட் பாக்கெட், கசங்கிய கேரி பேக் என்று எதுவாகவும் இருக்கலாம். சாய்த்துப் பார்த்தால் தெரிகிற சமாசாரமில்லை. அங்கேதான், ரேகையை இருட்டில் ஒளிரவைக்கும் புதிய வகைப் பொருள்கள் வேலைக்கு வருகின்றன.

திருட்டு நடந்தது விஞ்ஞானி வீட்டில்!

ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பு சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. அங்கே வேலை பார்த்த பொருளறிவியல் விஞ்ஞானி காங் லியாங். ஒருநாள் அவர் வீட்டிலேயே திருட்டு நடந்தது. போலீஸ் வந்தது. வழக்கம்போல பொடி தூவி, பிரஷ்ஷால் தடவி ரேகை தேடினார்கள்.

நம் வீட்டில் நடந்திருந்தால் போன நகையை நினைத்துக் கவலைப்படுவோம். லியாங்குக்கு வேறொரு கேள்வியும் வந்தது. 'இத்தனை ஆண்டுகளாக இதே பொடிதானா? இதைவிட நல்ல வழி இல்லையா?'

அவர் கையில் ஏற்கெனவே ஒரு பொருள் இருந்தது. உலோகமும் கரிமப் பொருளும் சேர்ந்து உருவாகும் ஒருவகை நுண்படிகம். 'மெட்டல் ஆர்கானிக் ஃப்ரேம்வொர்க்' என்பது அதன் முழுப்பெயர். சுருக்கமாக 'மாஃப்' என்பார்கள். இந்தப் படிகங்கள் உருவாவதற்குத் தேவையான பொருள்கள் கலந்த திரவத்தில் ஒரு துளியை ரேகை இருக்கும் இடத்தில் விட்டார்கள். விரல் விட்டுச்சென்ற புரதம், கொழுப்பு அமிலம், உப்பு ஆகியவற்றைப் பிடித்துக்கொண்டு படிகங்கள் வளர்ந்தன. ரேகையின் வரிகள் எப்படி ஓடுகின்றனவோ, அதே வடிவத்தில் மிக மெல்லிய பூச்சாகப் படிந்தன. புற ஊதா விளக்கை அடித்ததும் அந்தப் பூச்சு ஒளிர்ந்தது.

இதற்கு ஆன நேரம், சுமார் 30 விநாடிகள். ஜன்னல் கண்ணாடி, ஒயின் கிளாஸ், உலோக பிளேடு, பிளாஸ்டிக் சுவிட்ச் போன்றவற்றில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2015-ல் வெளியாகின.

விரல் விட்டுச் செல்வது என்ன?

கைரேகை என்றதும் மையில் தோய்த்து உருட்டிய கறுப்பு அச்சுதான் நினைவுக்கு வரும். குற்றம் நடந்த இடத்தில் அப்படி எதுவும் இருக்காது. அங்கே இருப்பது வியர்வை.

விரல் நுனியின் ஒவ்வொரு ரேகை வரியிலும் நுண்ணிய வியர்வைத் துளைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றிலிருந்து வரும் வியர்வையில் ஏறத்தாழ முழுவதும் தண்ணீர்தான். மிச்சமிருக்கும் துளியூண்டில் உப்பு, அமினோ அமிலங்கள், யூரியா போன்றவை இருக்கும். உள்ளங்கையிலும் விரல் நுனியிலும் எண்ணெய்ச் சுரப்பிகள் கிடையாது. நாம் அடிக்கடி முகத்தையும் தலைமுடியையும் தொடுவதால்தான் அந்த எண்ணெய்ப்பசை விரலில் ஒட்டிக்கொள்கிறது.

ஒரு பொருளைத் தொட்டதும் இந்தக் கலவை ரேகையின் வடிவத்திலேயே அதன்மேல் படிகிறது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஆவியாகிவிடும். மிஞ்சுவது கண்ணுக்குத் தெரியாத ஒரு படிவு. அதன் எடையைச் சொல்ல கிராம், மில்லிகிராம் எல்லாம் மிகப் பெரிய அளவுகள். வெயில், தூசி, மழை, துடைக்கிற துணி எல்லாவற்றையும் தாண்டி அது தப்பிப் பிழைத்தால்தான் நிபுணருக்கு வேலை.

எல்லோருடைய ரேகையும் ஒரே அளவு தாக்குப்பிடிப்பதும் இல்லை. 1993-ல் அமெரிக்காவின் டென்னசி மாநிலம் நாக்ஸ்வில் நகரில் ஒரு சிறுமி கடத்திக் கொல்லப்பட்டாள். அவள் ஒரு காரில் இருந்ததைப் பார்த்த சாட்சிகள் இருந்தார்கள். காரை அங்குலம் அங்குலமாகத் தேடியும் அவளுடைய ரேகை ஒன்றுகூட கிடைக்கவில்லை. ஆர்ட் போஹானன் என்ற போலீஸ் தடயவியல் நிபுணருக்கு இது உறுத்தலாகவே இருந்தது. குழந்தை தொடாமல் இருந்திருக்காது. அப்படியென்றால், தொட்ட தடம் எங்கே போனது?

பக்கத்திலேயே இருந்த ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தின் வேதியியல் விஞ்ஞானிகளுடன் சேர்ந்து அவர் விடையைத் தேடினார். பெரியவர்களின் ரேகைகளையும் குழந்தைகளின் ரேகைகளையும் சேகரித்து ஒப்பிட்டார்கள். குழந்தைகளின் ரேகையில் எளிதில் ஆவியாகும் பொருள்கள் அதிகம் இருந்தன. பெரியவர்களின் ரேகையில் இருந்த எண்ணெய்ப்பசை சார்ந்த பொருள்கள் அப்படி எளிதில் போகவில்லை. பருவ வயதுக்குப் பிறகுதான் அந்த எண்ணெய்ச் சுரப்பு முழுவீச்சில் வருகிறது. அதாவது, குழந்தை தொட்ட தடம் பெரியவர் தொட்ட தடத்தைவிட வேகமாக மறைந்துவிடுகிறது.

ரேகையைத் தேடும் முறை இன்னும் நுட்பமாக வேண்டும் என்று விஞ்ஞானிகள் மெனக்கெடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அரைகுறையாக மிஞ்சியிருக்கும் தடத்தையும் பிடிக்கத் தெரிய வேண்டும்.

பொடி, பசை, ஊதா நிறம்

இன்றும் உலகம் முழுக்க அதிகம் பயன்படுவது பொடி முறைதான். கறுப்புப் பொடியோ அலுமினியப் பொடியோ எடுத்து, மென்மையான பிரஷ்ஷால் தடவுவார்கள். ஈரப்பசையும் எண்ணெய்ப்பசையும் இருக்கும் இடத்தில் பொடி ஒட்டிக்கொள்ளும். செலவு குறைவு. அங்கேயே முடிந்துவிடும். ஆனால் தடம் காய்ந்துபோயிருந்தால் பொடி ஒட்டாது. பிரஷ் அழுத்திப் பட்டால் ரேகையே அழிந்துவிடலாம். பறக்கும் நுண்பொடியை வருடக்கணக்கில் சுவாசிப்பது நிபுணரின் நுரையீரலுக்கும் நல்லதில்லை.

இரண்டாவது முறை, நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கும் ஒரு பொருள். செருப்பு அறுந்தால் ஒட்டுகிறோமே, ஃபெவிக்விக் மாதிரியான சூப்பர் க்ளூ! 1970-களின் இறுதியில் ஜப்பானில் ஃபூசியோ மட்சுமுரா என்ற தடயவியல் ஊழியர், முடி மாதிரிகளைக் கண்ணாடித் துண்டில் இந்தப் பசையால் ஒட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணாடியில் தன் விரல் ரேகையே வெள்ளையாகத் தெரிவதைக் கவனித்தார். பசையின் ஆவி, ரேகையின்மேல் படிந்து கெட்டியாகியிருந்தது. தற்செயலாகக் கண்ணில் பட்ட அந்த விஷயம், இன்று உலகம் முழுக்கத் தடயவியல் லேப்களில் வழக்கமான முறை. பொருளை மூடிய பெட்டிக்குள் வைத்து, பசையைச் சூடாக்கி ஆவியாக்குவார்கள். பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் போன்றவற்றுக்கு இது நன்றாக வேலை செய்கிறது.

காகிதத்துக்கு வேறு வழி. வியர்வை காகிதத்துக்குள் ஊறிவிடுவதால், பொடி அங்கே அதிகம் உதவாது. நின்ஹைட்ரின் என்ற ரசாயனம் அமினோ அமிலத்தோடு சேர்ந்தால் ஊதா நிறமாக மாறும். 1910-ல் சீக்ஃபிரைட் ரூஹேமான் என்ற வேதியியலாளர் இங்கிலாந்தில் இதைக் கண்டறிந்தார். அதைக் கைரேகைக்குப் பயன்படுத்தலாம் என்று ஸ்வீடன் விஞ்ஞானிகள் சொன்னது 1954-ல். நடுவில் 44 ஆண்டுகள் அந்த ஊதா நிறம் சும்மாவே இருந்தது!

இந்த மூன்று முறைகளிலும் ஒரு பொதுவான சிக்கல் உண்டு. கறுப்புப் பொடி கறுப்பு சூட்கேஸில் தெரியாது. பசையின் வெள்ளைப் படிவு வெள்ளை பிளாஸ்டிக்கில் தெரியாது. ஊதா நிறம், பல வண்ணங்கள் அச்சடித்த காகிதத்தில் கலந்துவிடும். ரேகை அங்கே இருக்கும். பின்னணி அதை விழுங்கிவிடும்.

பகலில் நட்சத்திரம் தெரியாதது ஏன்?

பகலிலும் வானத்தில் நட்சத்திரங்கள் இருக்கத்தான் செய்கின்றன. சூரிய வெளிச்சத்தில் நமக்குத் தெரிவதில்லை. நட்சத்திரத்தின் வெளிச்சத்தைக் கூட்ட நம்மால் முடியாது. சுற்றிலும் இருட்டானால் போதும், அதுவே தெரிந்துவிடும்.

ஒளிரும் பொருள்களின் ரகசியமும் இதுதான். ரேகைக்கு நிறம் கொடுப்பதைவிட, ரேகை மட்டும் தானாக வெளிச்சம் தரும்படி செய்துவிட்டு அறையை இருட்டாக்கிவிட்டால்? பின்னணி எந்த நிறமாக இருந்தாலும் கவலையில்லை.

ரூபாய் நோட்டை நினைத்துப் பாருங்கள். நோட்டின் எண் ஒளிரும் மையால் அச்சிடப்பட்டிருக்கும். உள்ளே மெல்லிய ஒளியிழைகளும் இருக்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாத அந்த இழைகள், வங்கியில் புற ஊதா விளக்குக்குக் கீழே வைத்ததும் பளிச்சிடும். கண்ணுக்குத் தெரியாத கதிரை வாங்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பித் தருவதால் வரும் வெளிச்சம் அது.

கைரேகையில் இதை முதலில் பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் கனடாவைச் சேர்ந்த மூன்று பேர். ஒன்டாரியோ மாகாண போலீஸின் பிரையன் டால்ரிம்பிள், ஜெராக்ஸ் ஆராய்ச்சி மையத்தின் டஃப், மென்செல். வியர்வையில் இருக்கும் சில பொருள்களே லேசர் ஒளி பட்டால் தாமாக மெலிதாக ஒளிரும் என்று கண்டு, 1977-ல் வெளியிட்டார்கள். பொடியும் வேண்டாம், ரசாயனமும் வேண்டாம், லேசர் போதும் என்பது அன்றைக்குப் பெரிய விஷயம்.

ஆனால், அந்த இயற்கையான ஒளி மிகவும் மங்கல். அதோடு, காகிதமும் பிளாஸ்டிக்கும் மரமும்கூட லேசர் பட்டால் ஓரளவு ஒளிர்கின்றன. மறுபடியும் பழைய சிக்கல்தான். ரேகை ஒரு பக்கம் மினுக்க, பின்னணி மறுபக்கம் மினுக்கும்!

'ஹைபிரிட்' எதற்கு?

இங்கேதான் கலப்புப் பொருள்கள் நுழைகின்றன. ஹைபிரிட் கார் என்றால் பெட்ரோல் இன்ஜினும் பேட்டரி மோட்டாரும் சேர்ந்தது. ஒன்றின் குறையை இன்னொன்று ஈடுகட்டும். ஒளிரும் ஹைபிரிட் பொருளும் அப்படித்தான். ஒரு பாதி உலோகம் அல்லது கனிமம், மறுபாதி கரிமப் பொருள்.

யூரோப்பியம் என்ற உலோகத்தை எடுத்துக்கொள்வோம். சரியாகத் தூண்டினால் அடர்ந்த சிவப்பு நிறத்தில் ஒளிரும். டெர்பியம் என்றால் பச்சை. நிறம் சுத்தமாக இருக்கும், சிதறாது. ஆனால் இவற்றுக்கு ஒரு பலவீனம் உண்டு. மேலே விழும் கதிரை உறிஞ்சுவதில் மகா சோம்பேறிகள். தனியாக விட்டால் மங்கலாகத்தான் ஒளிரும்.

அதற்குப் பக்கத்தில் ஒரு கரிம மூலக்கூறை ஒட்டிவைத்தால் கதை மாறிவிடுகிறது. மொட்டைமாடி ஆன்டெனா சிக்னலைப் பிடித்து கீழே டி.வி-க்கு அனுப்பியதுபோல, அந்த மூலக்கூறு புற ஊதாக் கதிரை நிறைய உறிஞ்சி, சக்தியைப் பக்கத்திலிருக்கும் உலோகத்துக்குத் தள்ளிவிடுகிறது. விஞ்ஞானிகளே இதற்கு 'ஆன்டெனா விளைவு' என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். வாங்குவது ஒருவர், ஒளிர்வது இன்னொருவர்.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. விளக்கை அணைத்ததும் காகிதம், பிளாஸ்டிக் போன்றவற்றின் ஒளிர்வு உடனே அணைந்துவிடும். ஒரு விநாடியை நூறு கோடியாகப் பிரித்தால் வரும் அளவில் சில துணுக்குகள்தான் அதன் ஆயுள். யூரோப்பியத்தின் ஒளியோ அதைவிடப் பல ஆயிரம் மடங்கு நேரம் நீடிக்கும். கேமரா விளக்கை அணைத்து, ஒரு கணம் பொறுத்துப் படம் எடுத்தால், பின்னணி அடங்கியிருக்கும். ரேகை மட்டும் எரிந்துகொண்டிருக்கும். கல்யாண வீட்டில் மைக்செட் நின்றபிறகு பேசினால் பேச்சு காதில் விழுமே, அதுபோல! கனடா குழுவில் இருந்த மென்செல், பின்னாளில் அமெரிக்காவின் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது இந்த வழியில் நீண்ட காலம் உழைத்தார்.

இன்னொரு வகைப் பொருள், அகச்சிவப்புக் கதிரை வாங்கிக்கொண்டு பச்சை ஒளியாகத் தரும். இட்டர்பியம், எர்பியம் என்ற உலோகங்களைக் கலந்து செய்த நுண்துகள்கள் இவை. சாதாரணப் பொருள்கள் எதுவும் அகச்சிவப்பு பட்டால் இப்படி ஒளிராது. அதனால், பல வண்ணங்கள் அச்சடித்த கவரின்மேல் இருக்கும் ரேகைகூட தனியாகத் தெரியும்.

காங் லியாங் பயன்படுத்திய மாஃப் படிகமும் இந்தக் கலப்புக் குடும்பம்தான். உலோக அணுக்கள் மூலைகள், கரிம மூலக்கூறுகள் அவற்றை இணைக்கும் கம்பிகள் என்று சாரம் கட்டியதுபோன்ற அமைப்பு. உள்ளே அவ்வளவும் இடைவெளி. ஒரு கிராம் படிகத்தின் உள்பரப்பை விரித்தால் ஒரு கால்பந்து மைதானம் அளவுக்கு வரக்கூடிய வகைகளும் உண்டு. இந்தப் படிகங்களை உருவாக்கி வளர்த்ததற்காகத்தான் சுசுமு கிடகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஓமர் யாகி மூவருக்கும் 2025-ன் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ராப்சன், லியாங் வேலை பார்த்த அதே ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர்.

துகள் நுண்ணியதாக இருப்பதால் விவரமும் கூடுகிறது. கைரேகையை மூன்று படிகளில் பார்ப்பார்கள். முதலில் சுழியா, வளையமா, வில்லா என்ற பொதுவான வடிவம். அடுத்தது ஒரு வரி எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்பது. மூன்றாவது, வரியின்மேல் இருக்கும் வியர்வைத் துளைகளின் இடம். பெரிய பொடித்துகள் இந்தத் துளைகளை மூடிவிடும். நுண்துகள்கள் படிந்த ரேகையில் துளைகள்வரை தெரிந்த படங்களை ஆய்வாளர்கள் வெளியிட்டிருக்கிறார்கள்.

லேப்பில் ஜெயித்தால் போதுமா?

இவ்வளவு நல்ல பொருள் இருந்தும் போலீஸ்காரர் கையில் இன்னும் பிரஷ்ஷும் பொடியும் இருப்பது ஏன்?

முதல் காரணம், பரிசோதனை நடக்கும் விதம். பல ஆய்வுகளில் ரேகை கொடுப்பவர் கையைக் கழுவி, நெற்றியிலோ மூக்கிலோ விரலைத் தேய்த்து எண்ணெய் ஏற்றிக்கொண்டு, கண்ணாடியில் அழகாக அழுத்துவார். உடனே அதை ஒளிரவைத்துப் படம் எடுப்பார்கள். திருடன் இப்படியெல்லாம் ஒத்துழைக்க மாட்டான்! பதற்றத்தில் இழுத்த விரல், ஒன்றன்மேல் ஒன்று பட்ட தடம், மூன்று நாள் கழித்துக் கிடைத்த பாட்டில் ஆகியவற்றில் வேலை செய்தால்தான் அது நிஜமான வெற்றி.

இரண்டாவது, பாதுகாப்பு. சில ஒளிரும் நுண்துகள்களில் காட்மியம் போன்ற நச்சு உலோகம் உண்டு. அதனால்தான் கார்பனில் செய்த, நச்சு குறைந்த ஒளிரும் துகள்கள்மீது ஆராய்ச்சி திரும்பியிருக்கிறது. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வகங்களிலும் ஒளிரும் துகள்களைக் கைரேகைக்குப் பயன்படுத்தும் ஆய்வுகள் நடக்கின்றன.

மூன்றாவது, டி.என்.ஏ. தொட்ட இடத்தில் ரேகையோடு தோல் செல்களும் ஒட்டியிருக்கலாம். குறைந்த அலைநீளம் கொண்ட புற ஊதாக் கதிரை அதிக நேரம் அடித்தால் டி.என்.ஏ சிதையும். ஒரு தடயத்தை எடுக்கப்போய் இன்னொன்றை இழந்துவிடக் கூடாது.

நடுவழி ஒன்று ஏற்கெனவே வழக்கத்தில் இருக்கிறது. சூப்பர் க்ளூ ஆவியில் ரேகையைக் கெட்டியாக்கிவிட்டு, அதன்மேல் ஒளிரும் சாயத்தைப் பூசி, சிறப்பு விளக்கில் பார்ப்பது. பெரிய லேப்களில் இது அன்றாட வேலை. புதிய கலப்புப் பொருள்கள் இந்த முறையோடு போட்டி போட்டு ஜெயிக்க வேண்டும்.

ரேகை தெரிந்தது... ஆளும் தெரிந்ததா?

2004 மார்ச் 11. ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டில் ரயில்களில் குண்டுகள் வெடித்து 190-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டெட்டனேட்டர்கள் இருந்த ஒரு பிளாஸ்டிக் பையில் ஒரு கைரேகை கிடைத்தது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ அதைத் தன் கம்ப்யூட்டரில் தேடியது. ஒத்துப்போகக்கூடிய 20 பேர் பட்டியல் வந்தது. அதில் ஒருவர், ஒரேகான் மாநிலத்தைச் சேர்ந்த வழக்கறிஞர். எஃப்.பி.ஐ நிபுணர்கள், 'அவருடையதுதான்' என்று உறுதியாகச் சொன்னார்கள். அவர் கைது செய்யப்பட்டார். அவர் கைது செய்யப்பட்டார்.

சுமார் இரண்டு வாரத்தில் ஸ்பெயின் போலீஸ் அறிவித்தது: அந்த ரேகை அல்ஜீரியாவைச் சேர்ந்த வேறொருவருடையது. வழக்கறிஞர் விடுவிக்கப்பட்டார். எஃப்.பி.ஐ மன்னிப்பு கேட்டது. பின்னர் அமெரிக்க அரசு அவருக்கு 20 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

தப்பு எங்கே நடந்தது? இரண்டு ரேகைகளும் பல இடங்களில் ஒத்துப்போனது உண்மை. ஒத்துப்போகாத இடங்களும் இருந்தன. அவற்றுக்கு, 'தடம் சரியாகப் பதியவில்லை' என்பதுபோன்ற சமாதானங்களை நிபுணர்களே சொல்லிக்கொண்டார்கள். ஆளை முடிவு செய்தபிறகு, மங்கலான ரேகையில் தேடியது கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

தெளிவான ரேகை வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை. ரேகை எவ்வளவு மங்கலோ, அவ்வளவு ஊகத்துக்கு இடம் உண்டு. வியர்வைத் துளைவரை தெரியும் ரேகையில் 'சரியாகப் பதியவில்லை' என்று சமாதானம் சொல்வது கடினம். குற்றவாளியைப் பிடிக்க உதவும் அதே வெளிச்சம், நிரபராதியை வெளியே கொண்டுவரவும் உதவும். ஆனால், எந்த வெளிச்சமும் ஒப்பிட்டுப் பார்ப்பவரின் வேலையைச் செய்துவிடாது. ஒளிரும் படம் அழகாக இருக்கிறது என்பதற்காக முடிவும் சரி என்று நம்பிவிட முடியாது.

இந்த எச்சரிக்கை நம் நாட்டு நீதிமன்றத்துக்கு 19-ம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்தது. 1897-ல் கொல்கத்தாவில் உலகின் முதல் கைரேகைப் பிரிவு தொடங்கியது. அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய அதிகாரிகள் ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்குவதில் பெரும்பங்கு வகித்தார்கள். அந்தக் காலகட்டத்தில் வடக்கு வங்காளத்தின் ஜல்பைகுரியில் ஒரு தேயிலைத் தோட்ட மேலாளர் கொல்லப்பட்டார். அவர் வீட்டில் கிடந்த பஞ்சாங்கத்தில் ரத்தக் கறை படிந்த விரல் தடம் இருந்தது. பழைய வேலைக்காரர் ஒருவர் முன்பு திருட்டு வழக்கில் சிக்கியபோது கொடுத்திருந்த ரேகையோடு அது ஒத்துப்போனது. நீதிமன்றம் அவரைத் திருட்டுக்காகத் தண்டித்தது. கொலைக் குற்றச்சாட்டில் தண்டிக்கவில்லை. அவர் அங்கே இருந்தார், பஞ்சாங்கத்தைத் தொட்டார் என்பதை ரேகை சொன்னது. கொன்றவர் அவர்தானா என்பதை அது சொல்லவில்லை.

வீட்டில் திருட்டு நடந்தால்...

2022-ல் தேசிய தானியங்கி கைரேகை அடையாள அமைப்பு நாடு முழுமைக்கும் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரு மாநிலத்தில் கிடைத்த ரேகையை மற்ற மாநிலங்களின் பதிவுகளோடும் ஒப்பிடலாம். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, 7 ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்தாக வேண்டும். இதைப் படிப்படியாக நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு 5 ஆண்டுகள்வரை அவகாசம் தரப்பட்டுள்ளது.

நிபுணர் வந்து சேர்வதற்குள் ரேகை இருக்க வேண்டுமே! அது வீட்டில் இருப்பவர்கள் கையில்தான் இருக்கிறது.

ஊருக்குப் போய்த் திரும்பும்போது கதவு உடைந்து கிடந்தால், பீரோவைத் திறந்து என்ன போனது என்று பார்க்கத்தான் கை பரபரக்கும். அக்கம்பக்கத்து ஆட்களும் உள்ளே வந்து, 'ஐயோ, இதையுமா எடுத்துட்டான்?' என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். சிதறிக் கிடக்கும் துணிகளை மடித்து வைப்பதும், தரையைப் பெருக்குவதும், தண்ணீர் குடித்துவிட்டு வைத்த டம்ளரைக் கழுவிவிடுவதும் பழக்கத்தில் வந்துவிடும். ஒவ்வொன்றும் ஒரு தடயத்தை அழிக்கிற வேலை.

செய்ய வேண்டியது எளிது. வெளியே நின்றபடியே 112-க்கு போன் செய்யுங்கள். போலீஸ் வரும்வரை கதவு, கைப்பிடி, பீரோ, சுவிட்ச் எதையும் தொடாதீர்கள். ஃபேனைப் போடாதீர்கள். திருடன் விட்டுச்சென்ற கம்பி, பாட்டில், டார்ச் கிடந்தால் எடுத்துப் பத்திரப்படுத்த நினைக்க வேண்டாம். அது கிடக்கும் இடமும் தடயம்தான். வீட்டில் இருப்பவர்களின் ரேகையையும் போலீஸ் கேட்டால் தயங்காமல் கொடுங்கள். உங்கள் ரேகைகளைக் கழித்தால்தான் அந்நியனின் ரேகை மிஞ்சும்.

30 விநாடியில் ரேகையை ஒளிரவைக்கும் திரவம் நம் ஊர்க் காவல் நிலையத்துக்கு வர நாளாகலாம். வந்தாலும், ஒரு ஈரத்துணி துடைத்துப்போட்ட ரேகையை அதனால் திருப்பிக் கொண்டுவர முடியாது.

இப்போது போனைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, வேண்டுமானால் துடைத்துக்கொள்ளுங்கள்!